மூன்று ஊர்க் கேழ்வரகு

ஒரே தானியத்தை ஒரே மாதிரி காய்ச்சி, தினமும் வேறு வேறு குறை கேட்பதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பர்மாவிலிருந்து அரிசிக் கப்பல் வருவது நின்றுபோயிருந்தது. கரும்பைத் தவிர வேறொன்றும் தெரியாத மொரீஷியஸ் வயல்களில் மக்காச்சோளமும் மரவள்ளியும் போடச் சொல்லி உத்தரவு வந்தது. சோறு தின்று பழகிய வாய்க்கு இரண்டும் பிடிக்கவில்லை. அப்போதுதான் மோகா பக்கத்தில் இருந்த ஒரு விவசாய அலுவலகத்தில் யாருக்கோ கேழ்வரகு ஞாபகம் வந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த ஒரே மூட்டை விதையை மூன்று ஊர்களில் விதைத்தார்கள். வடக்கே வெயில் காயும் ட்ரியோலே, நடுவில் ஓயாமல் தூறிக்கொண்டிருக்கும் மோகா, கிழக்கே செம்மண் பூமியான கான் தெ மாஸ்க். எந்த ஊரில் விளைந்தது ருசி, எதில் சத்து அதிகம் என்று பார்த்து, அந்த ஊரில் நிறையப் பயிரிடுவது என்று திட்டம்.

சத்தைப் பார்க்க சின்னையன் என்று ஒரு இளம் ரசாயனக்காரர் இருந்தார். போர்ட் லூயியில் வசதியான குடும்பத்துப் பிள்ளை. ருசியைப் பார்க்க ஆட்களைக் கூட்டி வருவார்கள். அவர்களுக்குக் கூழ் காய்ச்ச ஒரு பெண் வேண்டும் என்றார்கள். அதே அலுவலகத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் வந்து சொன்னார். நான் போய்ச் சேர்ந்தேன். எங்கள் பக்கம் வீட்டில் பேசுவது க்ரியோல்தான். தமிழ் எனக்குக் கோயிலிலும் மாலைப் பள்ளியிலும் வந்தது. ஆகவே இதில் வருகிறவர்கள் பேசியதையெல்லாம் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்; ஐயாவுக்கு மிஸ்யே, அம்மாவுக்கு மாதாம் என்பதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, பத்து முகங்களையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால், மற்றது எல்லாம் சொல்லாமலே புரியும்.

முதல் ஆள்

சின்னையன் வைத்த சட்டங்கள் நிறைய. மூன்று மாவுக்கும் ஒரே குழாய்த் தண்ணீர். உப்பை அவருடைய சின்னத் தராசில் நிறுத்துக் கொடுப்பார். இரும்புச் சட்டி அடுக்களைக்குள் வரக்கூடாது, இரும்பு கூழில் இறங்கிவிடுமாம். எனாமல் பானைகள்தான். ஒரு பானையில் போட்ட துடுப்பை இன்னொன்றில் போடக்கூடாது. முதல் நாள் ராத்திரி மாவைக் கரைத்து வைத்து, காலையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காய்ச்சுவேன். மூன்றும் ஒரே சமயத்தில் அடிபிடிக்கப் பார்க்கும். எனக்கோ இரண்டு கைதான்.

முதல் முதலாக ருசி பார்க்க வந்தவர் விறகு வண்டி ஓட்டும் பிரான்சுவா. அடுக்களைக்கு விறகு இறக்க வந்தவரை சின்னையன் பிடித்து உட்கார வைத்துவிட்டார். மூன்று கிண்ணங்களை முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, அடுத்ததற்குப் போக வேண்டும் என்று சின்னையன் பொறுமையாகச் சொன்னார். பிரான்சுவா தலையாட்டினார். முதல் கிண்ணத்தைத் தலை நிமிராமல் அடிவரை வழித்துச் சாப்பிட்டார். சொன்னபடி வாய் கொப்பளித்தார். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதையும் அப்படியே. கிண்ணங்கள் கழுவி வைத்தது போல இருந்தன. "எது நன்றாக இருந்தது?" என்று சின்னையன் கேட்டார். பிரான்சுவா உண்மையாகவே யோசித்தார். நல்ல மனிதர், பொய் சொல்ல விரும்பவில்லை.

"இன்னைக்குப் பசியோட வந்துட்டேன், மிஸ்யே. நாளைக்கு வீட்ல சாப்பிட்டுட்டு வந்து சொல்றேன்."

பெயர் எழுதாத கிண்ணம்

அதற்குப் பிறகு, காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்தவர்களை மட்டுமே ருசி பார்க்க விட்டோம். கிண்ணத்தின் அடியில் ஊர்ப் பெயரைச் சீட்டில் எழுதி வைப்பது வழக்கம். சீக்கிரமே ஒன்று தெரிந்துபோயிற்று. ட்ரியோலேக்காரர்கள் ட்ரியோலேதான் ருசி என்றார்கள். மோகாவில் பிறந்த தோட்டக்காரர் மோகாதான் என்றார். மகளைக் கான் தெ மாஸ்கில் கட்டிக்கொடுத்திருந்த ஒரு அம்மாள் முதலில் ட்ரியோலே என்று சொல்லிவிட்டு, சீட்டைப் பார்த்ததும் மாற்றிக்கொண்டார். சின்னையன் சீட்டுகளை எடுத்துவிட்டு, பானைக்கும் கிண்ணத்துக்கும் வெள்ளை, மஞ்சள், நீலம் என்று நூல் கட்டச் சொன்னார். எந்த நூல் எந்த ஊர் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அலுவலகப் பியூன் ஆறுமுகம் ட்ரியோலேயிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அடுக்களை ஜன்னலில் வந்து நின்று, "எது நம்ம ஊருது, சொல்லேன் தங்கச்சி" என்று குசுகுசுப்பார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் அவரே மஞ்சள் நூல் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். எங்கள் ஊர் வெயிலில் காய்ந்த தானியத்துக்கு ஒரு திடம் உண்டு, அது தொண்டையில் இறங்கும்போதே தெரியும், கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் சொல்வேன் என்று கூடியிருந்தவர்களிடம் விவரித்தார். இரண்டு பேர் அதைக் கேட்டுவிட்டுத் தாங்களும் மஞ்சளுக்கு மாறினார்கள். மற்றவர்கள் போன பிறகு, மஞ்சள் நூல் மோகா என்று சின்னையன் மெதுவாகச் சொன்னார். ஆறுமுகம் இன்னொரு வாய் எடுத்துச் சாப்பிட்டார்.

"அப்ப, விதை நம்ம ஊர் விதையா இருக்கும், மிஸ்யே."

மோகாவின் தூறல்

ஆனால் வித்தியாசம் இல்லாமல் இல்லை. தினமும் மூன்றையும் கிளறிய கைக்கு அது தெரியும். ட்ரியோலே தானியம் பொடி, கருஞ்சிவப்பு. மாவை வறுக்கும்போதே வாசனை அடுக்களையைத் தாண்டிப் போகும். கூழ் குடித்து முடித்த பிறகு அடிநாக்கில் லேசாக ஒரு கசப்பு நிற்கும். பெரியவர்களுக்கு அது பிடித்தது. கான் தெ மாஸ்க் தானியம் நடுத்தரம். வாசனை குறைவு, ஆனால் வயிறு நிறையும். மோகா தானியம் பருத்து, வெளிறிப்போய் இருந்தது. அங்கே கதிர் முற்றுகிற சமயம் பார்த்து வாரக்கணக்கில் தூறல். வெயிலைப் பார்க்காமலே விளைந்த தானியம். வறுத்தாலும் வாசனை வராது. கூழ் துடுப்போடு இழுபட்டுக்கொண்டு வரும். பெயர் மறைத்த கிண்ணங்களில் பெரியவர்கள் பெரும்பாலும் கடைசியாகத் தள்ளியது அதைத்தான். ஒருவர் "லாகோல்" என்றார். சுவரொட்டி ஒட்டுகிற பசைக்கு க்ரியோலில் அதுதான் பெயர். மோகா வயல் அலுவலகத்தின் சொந்த வயல். பெரிய அதிகாரி அன்று மதியம் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அந்தச் சமயத்தில் நர்ஸ் ரோஸ்லின் வந்தார். கான் தெ மாஸ்க் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகளுக்குப் போய்த் தாய்மார்களையும் குழந்தைகளையும் பார்க்கிறவர். கனத்த உடம்பு, கனத்த குரல். பால் மறந்த குழந்தைகள் மக்காச்சோளத்தைத் துப்புகின்றன, அரிசி இல்லை, என்னதான் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டு, நாலைந்து குழந்தைகளையும் அவற்றின் தாய்மாரையும் எங்கள் லாரியிலேயே ஏற்றி வந்துவிட்டார். ட்ரியோலேக் கூழை ஊட்டினோம். கசப்பு பட்டதும் முகத்தைச் சுளித்துத் துப்பின. கான் தெ மாஸ்க் கூழ் பாதி உள்ளே, பாதி தாயின் சேலையில். மோகாக் கூழ் மட்டும் சத்தமில்லாமல் இறங்கியது. சின்னையனுக்கு ஆச்சரியம். பெரியவர்களுக்குப் பிடிக்காததாயிற்றே என்றார். ரோஸ்லின் ஒரு குழந்தையின் தாடையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"பெரியவங்களுக்குத்தான் ருசி வேணும். இதுங்களுக்கு வழுக்கிக்கிட்டு இறங்கினாப் போதும்."

இரும்புச் சத்து

அந்தத் தோட்டத்துத் தாய்மார்களைப் பற்றி ரோஸ்லின் இன்னொன்றும் சொன்னார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி போல இருக்கிறது, உடம்பில் ரத்தம் இல்லை, இரும்புச் சத்துள்ள சாப்பாடு எதுவாக இருந்தாலும் கொடுங்கள் என்றார். அதிலிருந்து சின்னையன் இரவும் பகலும் இரும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அடுக்களைக்கே ஓடி வந்தார். கான் தெ மாஸ்க் தானியத்தில் மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு இரும்பு. அவருக்குக் கோயில் பாட்டுகள் எல்லாம் மனப்பாடம், ஆனால் தமிழில் உப்பு கேட்கத் தெரியாது. சந்தோஷம் வந்தால் பாட்டு முணுமுணுப்பார். அன்று முழுக்கப் பாட்டுத்தான். சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு கான் தெ மாஸ்குக்குப் போய், அப்பாசாமி அண்ணனிடம் சொல்லிவிட்டும் வந்தார். அப்பாசாமி அண்ணன் சிறு விவசாயி. தன் கரும்பு நிலத்தில் பாதியை எங்கள் கேழ்வரகுக்குக் கொடுத்தவர். அவர் பக்கத்து நிலத்துக்காரர்களிடம் சொல்ல, அவர்களும் கரும்புக் கட்டையைப் பிடுங்கிவிட்டுக் கேழ்வரகு விதைத்தார்கள்.

பயிர் முளைத்து முழங்கால் உயரம் வந்த சமயத்தில் சின்னையனின் பாட்டு நின்றுபோயிற்று. ஒரே விதை, எப்படி இத்தனை வித்தியாசம் என்று அவருக்குள்ளேயே ஒரு அரிப்பு. கான் தெ மாஸ்க் தானியத்தை எடுத்து நன்றாகக் கழுவினார். தண்ணீர் சிவப்பாக வந்தது. திரும்பத் திரும்பக் கழுவி, உலர்த்தி, மறுபடி சோதித்தார். இரும்பு மற்ற இரண்டு ஊர்த் தானியத்தின் அளவுக்கே இறங்கிவிட்டது. அவர் முன்பு பார்த்ததெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்த செம்மண்ணின் இரும்பு. "நாளைக்குக் கான் தெ மாஸ்க் போகணும், அக்கா. நீங்களும் வாங்க. தனியாப் போகக் கூச்சமா இருக்கு" என்றார். போனோம். வீட்டுக்குப் பக்கத்திலேயே களம். சாணி மெழுகாத வெறும் செம்மண் தரை. அதில் போட்டுத்தான் கதிரைத் தடியால் அடித்திருக்கிறார்கள்.

சின்னையன் எதையும் மறைக்கவில்லை. மண்ணில் இருக்கும் இரும்பு வயிற்றுக்குள் போனாலும் உடம்பு எடுத்துக்கொள்ளாது, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொன்னார். அப்பாசாமி அண்ணனின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார், அது ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன் கோபப்படவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் களை பிடுங்கிக்கொண்டிருந்த பக்கத்து நிலத்துக்காரர்களைக் கையால் காட்டினார்.

"இதை அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க, மிஸ்யே. நான் சொன்னா, அவங்களைத் தள்ளிட்டு நான் மட்டும் விளைவிக்கப் பாக்குறேன்னு நினைச்சுக்குவாங்க."

பஸ்ஸில் ஏறிய தண்ணீர்

இரும்பு போனதும் சுண்ணாம்புச் சத்தைப் பார்த்தார்கள். எலும்புக்கும் பல்லுக்கும் அதுதான் முக்கியம், கேழ்வரகில் அது தாராளமாக உண்டு என்று சின்னையன் சொன்னார். இந்த முறை கழுவிவிட்டுத்தான் சோதனை. ட்ரியோலே தானியம் முன்னால் நின்றது. ஓயாத மழை மோகா மண்ணில் இருப்பதைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது, மழை குறைந்த வடக்கில் அது மண்ணிலேயே தங்குகிறது என்று காரணம் சொன்னார். இரும்பில் சூடுபட்டவர், ஆகையால் "என்று நினைக்கிறேன்" என்பதையும் சேர்த்துக்கொண்டார். பெரியவர்கள் ருசியிலும் ட்ரியோலேயைத்தான் முன்னால் வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் அநேகமாக முடிவாகிவிட்டது. கடைசியாக ஒரு தடவை ட்ரியோலேக்கே போய், அந்த ஊர் ஜனங்களுக்கு மூன்றையும் காய்ச்சிக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள்.

ஆறுமுகம் வீட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டி, அவர்கள் கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சினேன். உவர்ப்புத் தண்ணீர்; மாவு வேகவே நேரம் பிடித்தது. கூழ் நிறமும் மட்டாக வந்தது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் தானியத்தைக் கடைசியாகத் தள்ளி, கான் தெ மாஸ்க் தானியத்தைப் பிரமாதம் என்றார்கள். ஆறுமுகம் உள்ளே போய்விட்டார். தண்ணீர்தான் வேலையைக் காட்டியிருக்கும் என்று நான் சொல்ல, சின்னையனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆகவே அடுத்த வாரம் மோகாத் தண்ணீரோடு திரும்பப் போக வேண்டியதாயிற்று. என் கணவரின் லாரிக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை. கழுவிய எண்ணெய் டின்களில் தண்ணீரை நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, பஸ்ஸில் ஏறினேன். வளைவுக்கு வளைவு தண்ணீர் தளும்பி, முன் சீட்டில் இருந்த மனிதரின் கோட்டெல்லாம் நனைந்தது. கண்டக்டர் வந்து டின்னில் என்ன இருக்கிறது என்று கேட்டார். தண்ணீர் என்றேன். எங்கிருந்து, எங்கே போகிறது என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் டின்னையும் என்னையும் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, நிஜமான கவலையோடு கேட்டார்.

"தண்ணிக்கும் தட்டுப்பாடு வந்துடுச்சா, மாதாம்?"

ஒரே பானை

மோகாத் தண்ணீரில் காய்ச்சியபோது ட்ரியோலே ஜனங்களும் மோகாவில் ருசி பார்த்தவர்கள் சொன்னதையே சொன்னார்கள். "இவங்க தினமும் மோகாத் தண்ணியிலயா சமைக்கப் போறாங்க?" என்று நான் கேட்டேன். சின்னையன் அது சரிதான் என்று தலையசைத்தார். ஆனால் அதற்குள் முடிவு மேலே போய்விட்டது. கேழ்வரகு ட்ரியோலேயில் மட்டும். மோகா வயலை மூடிவிடுவது. கான் தெ மாஸ்கில் பயிரை உழுதுவிட்டு மரவள்ளி போடுவது. அப்பாசாமி அண்ணனுக்கும் பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் அப்படியே உத்தரவு போயிற்று. அவர்கள் பயிரில் அப்போதுதான் கதிர் வந்திருந்தது.

மீதி இருந்த மாவை வீணாக்க வேண்டாம் என்று ரோஸ்லினிடம் கொடுத்தோம். மூன்று ஊர் மாவும் மூன்று பையில், பால் மறந்த குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு. ஒவ்வொரு பையையும் தனித்தனியாகக் காய்ச்சி, குழந்தை எதைச் சாப்பிடுகிறது என்று பார்க்கும்படி சொல்லியிருந்தார் சின்னையன். சில வாரம் கழித்து ரோஸ்லின் எங்களை வரச் சொன்னார். தோட்டத்து வீட்டு வரிசையின் கடைசியில் செல்லம்மா என்ற பெண். அவளுடைய குழந்தை, முன்பு எங்கள் லாரியில் வந்து ட்ரியோலேக் கூழைத் துப்பியவற்றில் ஒன்று. அப்போது கழுத்து நிற்காமல் தாயின் தோளில் துவண்டு கிடந்தது. ரோஸ்லின் அதைத் துணித் தூளியில் போட்டுத் தராசில் தொங்கவிட்டார். முள் இறங்கியது. அந்த வரிசையில் எடை ஏறிய குழந்தை இது ஒன்றுதான், எந்தப் பை என்று நீங்களே கேளுங்கள் என்றார்.

சின்னையன் கேட்டார். செல்லம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் வீட்டுக்குள் வந்து நின்றது அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. குழந்தையைத் தராசிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் போய், யாரும் எதையும் பிடுங்கிக்கொண்டு போக வரவில்லை, சும்மா சொல்லு என்றேன். அவள் என்னைப் பார்த்தே சொன்னாள்.

"மூணையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்துட்டேன்க்கா. தனித்தனியாக் காய்ச்சச் சொன்னாங்க. என்கிட்ட ஒரு பானைதான் இருக்கு."

மாட்டின் கால்

ஒரு குழந்தையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று சின்னையன் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் மறுநாளே, சோதனைக்கென்று எடுத்து வைத்திருந்த தானியத்தை அரைத்து, மூன்று மாவையும் கலந்து காய்ச்சச் சொன்னார். மோகா மாவினால் கூழ் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ட்ரியோலே மாவின் வாசனை இருந்தது, கசப்பு அடங்கிவிட்டது. கான் தெ மாஸ்க் மாவு பசியைத் தாங்கியது. ரோஸ்லின் அதையே அந்த வரிசையில் இருந்த மற்றக் குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். எல்லாம் தேறவில்லை. பாதிக்கு மேல் தேறின. சின்னையன் பெரிய அதிகாரியின் அறைக்குப் போனார். கலவைக்கு மூன்று ஊர்த் தானியமும் வேண்டும் என்றார். தான் முன்பு எழுதிக் கொடுத்ததற்கு எதிராகத் தானே பேச வேண்டியிருந்தது. பெரிய அதிகாரி கூழை வரவழைத்துச் சாப்பிட்டுப் பார்த்தார். நான்தான் கொண்டுபோனேன். அவர் கிண்ணத்தைக் காலி செய்தார். பிறகு, பயிர் இன்னும் நின்றால் விட்டுவிடலாம் என்றார்.

மோகா வயல் இன்னும் மூடப்படாமல் கண்ணெதிரே இருந்தது; கான் தெ மாஸ்கில் பயிர் நிற்குமா என்பதுதான் எங்கள் கவலை. உத்தரவு போய் எத்தனையோ நாள் ஆகிவிட்டது. என் கணவர் லாரியை எடுத்தார்; மூன்று பேரும் போனோம். கிழக்கே ஃப்ளாக் ஊர்ப் பக்கம் திரும்பியதிலிருந்து சாலைக்கு இரண்டு புறமும் உழுது போட்ட செம்மண். மரவள்ளிக் குச்சிகள் நட்டாகிவிட்டது. என் கணவர், இதெல்லாம் கரும்பு நிலமாகத்தான் இருக்கும் என்று ஆறுதலாக ஏதோ சொன்னார். கடைசித் திருப்பத்தில் அப்பாசாமி அண்ணனின் நிலம் தெரிந்தது. கேழ்வரகு அப்படியே நின்றது. கதிர்கள் விரல்களை மடக்கிய கை போலக் கவிழ்ந்து, அறுப்புக்குத் தயாராக இருந்தன. பக்கத்து நிலங்களிலும் அப்படியே.

மரத்தடியில் அண்ணனின் உழவு மாடு படுத்துக் கிடந்தது. முன்னங்காலில் பெரிய துணிக்கட்டு. உத்தரவு வந்த அன்றே மாட்டுக்குக் கால் பிசகிவிட்டதாம். மேற்பார்வைக்காரர் வந்து பார்த்துவிட்டு, தேறியதும் உழுதுவிடு என்று சொல்லிப் போனாராம். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் உழுவதற்கு அந்த மாடுதான். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுக்கு மேலும் கீழும் தடவிப் பார்த்தார். வீக்கம் எதுவும் இல்லை என்று என்னிடம் கண்ணால் சொன்னார். சின்னையன் வந்த விஷயத்தைச் சொன்னார். மூன்று ஊர்த் தானியமும் வேண்டும், உழ வேண்டாம், ஆனால் இனிமேல் தார்ப்பாய் விரித்து அதன்மேல்தான் கதிர் அடிக்க வேண்டும் என்றார். அப்பாசாமி அண்ணன் கடைசிவரை கேட்டார். பின் குனிந்து, துணிக்கட்டை அவிழ்த்து உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். மாடு எழுந்து நின்றது.

"மாட்டுக்கு இப்பத்தான் சரியாச்சு, மிஸ்யே."

எந்த ஊர்ச் சரக்கு

யுத்தம் முடிந்து அரிசிக் கப்பல் வரத் தொடங்கியதும் ஜனங்கள் சோற்றுக்குத் திரும்பிவிட்டார்கள். அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை. என் வீட்டிலும் அன்று சோறுதான் வடித்தேன். கலவைக் கூழ் குழந்தைகளுக்குக் கொஞ்ச நாள் போயிற்று, பிறகு டப்பாப் பால் வந்தது. கேழ்வரகு நின்ற இடத்தில் திரும்பவும் கரும்பு. எனாமல் பானைகள் அலுவலகக் காண்டீனுக்குப் போயின. சின்னையன் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போக வீடு தேடி வந்தார். நான் கான்வென்ட் ஒன்றின் சமையலறையில் சேர்ந்து, உருளைக்கிழங்கைத் தோலுரித்துக் காலம் தள்ளினேன். அங்கே எந்த ஊர் உருளைக்கிழங்கு என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. சென்ற மாதம் மாரியம்மன் கோயில் கூழுக்காகக் கேழ்வரகு வாங்க போர்ட் லூயி மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். ஒரு தானியக் கடையில் பெரிய மூட்டையைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு பிடி அள்ளினேன். பொடியாக, கறுப்பாக, வறுத்தால் மணக்கும் போலத் தெரிந்தது. வெயில் பூமியில் விளைந்தது என்று கை சொன்னது. எந்த நாடு, எந்த ஊர் என்று தெரிந்தால் தேவலை என்று கடைக்காரரிடம் கேட்டேன். மழை ஊராக இருந்தால் கூழ் இழுபடும், செம்மண் ஊராக இருந்தால் நன்றாகக் கழுவ வேண்டும், தண்ணீரையும் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. கடைக்காரர் மரியாதை தெரிந்தவர். தராசைக் கையில் பிடித்தபடி நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இது இந்த மூட்டையில விளைஞ்சது, மாதாம். எவ்வளவு போடட்டும்?"

கேழ்வரகு விளைந்த ஊர் அதன் ருசியிலும் சத்திலும் இருக்கிறது என்பதை அரசாங்கச் செலவில் கற்றுக்கொண்டேன். அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற வேறொரு வாடிக்கையாளரையோ கடைக்காரரையோ நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.